ஜெயக்கொடி போகியில் எரித்தது

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பினால் இரண்டாவது வளைவில் ஒரு ஹார்டுவேர் கடை வரும். பெயிண்ட், பைப், குழாய், ஆணி, தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் கிடைக்கும். கடைக்கு மாமனார் பெயரில் பெரிய போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அது ஜெயா கடை. ஜெயக்கொடி என்கிற முழுப் பெயர் ரேஷன் கார்டோடு சரி.

கல்லாவில் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று எழுதத்தான் ஆசை. உட்கார்ந்தால்தானே! கை பைப்பை அளந்துகொண்டிருக்கும், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் இடுங்கியிருக்கும், வாய் எதிர்வீட்டுச் சந்திரிகாவுக்குப் பதில் சொல்லும், கண் மட்டும் தெருமுனையில் இருக்கும், மகள் ஸ்கூல் விட்டு வருகிறாளா என்று. புருஷன் சக்திவேல் மணல், ஜல்லி, சிமென்ட் லோடு அடிக்கிறவன். அவன் தாத்தா காலத்தில் நெல் விளைந்த மண்ணில் இப்போது வீடு விளைகிறது, அதற்கு இவன் செங்கல் இறக்குகிறான். சாதுவான மனுஷன். "எம் பொண்டாட்டி காலுல சக்கரம் கீது" என்பான் சிரித்துக்கொண்டே. அவள் முறைத்தால் சிரிப்பைப் பாதியில் முழுங்கிவிடுவான்.

ஜெயக்கொடியிடம் இன்னொரு குணம் உண்டு. எதையும் சேர்த்து வைக்கமாட்டாள். பழைய புடவை, ஓட்டைக் குடம், காலாவதியான காலண்டர், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் வீட்டில் சும்மா கிடந்தால் அவளுக்குக் கை அரிக்கும். பிறந்தது அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டின சந்தில். மழைக்காலம் வந்தால் அடையாறு கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து உட்காரும். பீரோவில் பூட்டி வைத்ததெல்லாம் சேறாகும். அங்கே வளர்ந்தவளுக்கு, தண்ணீர் கொண்டுபோவதற்கு முன்னால் நாமே தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது போல. கல்யாணமாகி இரும்புலியூர் வந்த பிறகும் அந்தப் புத்தி மாறவில்லை. போகி வந்தால் அவளுக்குத் தீபாவளியைவிட உற்சாகம். தெருவிலேயே பெரிய நெருப்பு ஜெயா வீட்டு நெருப்புதான்.

இந்தப் புத்தியால்தான் வந்தது வினை.

மகள் அனுப்பிரியா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் நடை தள்ளாடியது. காலையில் எழுந்தால் வாந்தி. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், கண்ணாடி கூடப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் சிட்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது, பின்மண்டையில், சிறுமூளையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அப்புறம் கரண்ட் வைத்தார்கள். ரேடியேஷன் என்று டாக்டர்கள் சொல்வதை நம் ஜனங்கள் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். அதற்காகக் குழந்தையின் முகத்துக்கு அச்சு எடுத்தாற்போல ஒரு வலை முகமூடி செய்து, அதை மாட்டி, மேஜையோடு சேர்த்துப் பிடித்து, தனியாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். கதவுக்கு வெளியே ஜெயக்கொடி நடந்த நடைக்கு அந்த வராந்தா தேயாமல் இருந்தது ஆச்சரியம்.

பிள்ளை பிழைத்தாள். அதுவே பெரிது. கரண்ட் வைத்த இடத்தில், பின்கழுத்துக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைக்கவில்லை. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. தினம் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. வகுப்பில் எல்லாரும் கணக்கை முடித்து நோட்டை மூடிய பிறகு இவள் முடிப்பாள். ஆனால் சரியாக முடிப்பாள். "இது கரண்டோட விளைவு, குழந்தை மேல கோபப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெயக்கொடிக்குக் கோபம் குழந்தை மேல் வரவில்லை, கேட்கிறவர்கள் மேல் வந்தது. பாப்பாவுக்கு ஏன் முடி வரலை, ஏன் வளரலை என்று தெருவே கேட்டது. பெண் குழந்தை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவளுக்குப் பயம். "டைபாய்டு வந்துச்சுக்கா, மருந்து சூடு" என்று ஒரே பொய்யைச் சந்திரிகாவிடம் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் சொன்னாள், சொந்தக்காரர்களிடம் சொன்னாள். புருஷனையும் சொல்ல வைத்தாள். அனுவிடம், "யாரு கேட்டாலும் டைபாய்டுன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தாள்.

கட்டி திரும்பி வருகிறதா என்று பார்க்க அப்புறம் எத்தனையோ ஸ்கேன். ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குப் பயந்து குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் பாதியில் கையில் ஒரு ஊசி, கான்ட்ராஸ்ட் என்று. அந்த மருந்து ஏறினால் கட்டி இருந்தால் பளிச்சென்று தெரியுமாம். ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது என்பதால் அனுவின் கம்மலைக் கழற்றி ஜெயக்கொடி கைக்குள் வைத்துக்கொள்வாள். ஸ்கேன் முடிவதற்குள் கம்மல் வியர்வையில் நனைந்துவிடும். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பார், "சுத்தமா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். நம் ஊரில் படத்தைக் காப்பாற்றுவது ஆஸ்பத்திரியின் வேலை இல்லை, நோயாளியின் வேலை. ஜெயக்கொடி பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில், கரண்ட் முடிந்ததும் கொடுத்தனுப்பிய அந்த வலை முகமூடியையும் சேர்த்து, எல்லாவற்றையும் போட்டு வைத்தாள். வாழ்நாளில் அவள் சேர்த்து வைத்தது அது ஒன்றுதான்.

போன மார்கழியில் டாக்டர், "அஞ்சு வருஷம் தாண்டியாச்சு. இனிமே வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் போதும்" என்றார். ஜெயக்கொடிக்குத் தலை கால் புரியவில்லை. வரும் வழியெல்லாம் ரயிலில் அழுதாள், சிரித்தாள், தாம்பரத்தில் இறங்கி அல்வா வாங்கினாள். போகிக்கு முதல் நாள் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள்.

"அத்த எதுக்கு எறக்குற?" என்றான் சக்திவேல்.

"எரிக்கத்தான். இந்தப் பீடை இந்த வூட்ட வுட்டுப் போவட்டும்."

"டாக்டரு கேட்டா?"

"இன்னும் இன்னா கேக்கறது? அதான் போதும்னுட்டாரே."

அவன் மென்று முழுங்கினான். சாதுவான மனுஷன் என்று சொன்னேனே.

விடியற்காலையில் கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் நெருப்பு மூட்டினாள். "பிளாஸ்டிக் எரிக்காதீர், ஏர்போர்ட்டுக்குப் புகை போகிறது" என்று மாநகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது. பழசையெல்லாம் வண்டியில் போடச் சொன்னார்கள். ஜெயக்கொடி கேட்பாளா? வண்டியில் போட்டால் அது எங்கேயோ ஒரு குப்பைமேட்டில் இருக்கும். எரிந்தால்தான் இல்லை என்று ஆகும். படங்களை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டாள். சுருண்டு, குமிழ் விட்டு, கரும்புகை கக்கின. கடைசியில் அந்த வலை முகமூடியைப் போட்டாள். அது எரியவில்லை, உருகியது. குழந்தையின் மூக்கும் வாயும் இருந்த இடம் அப்படியே அமுங்கிப் போனது. ஜெயக்கொடி பார்க்க முடியாமல் திரும்பினாள்.

தெருப் பிள்ளைகள் எல்லாம் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அனு அடிக்கவில்லை. மேளத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்வெட்டருக்கு மேலே இரண்டு கையையும் இறுகக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"மோளம் அடியேண்டி."

"குளுருதும்மா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாவம், பிள்ளைக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜெயக்கொடி நினைத்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஸ்கேன் என்கிற பேச்சே இல்லை. கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் அனு பல் விளக்கிக்கொண்டே வாந்தி எடுத்தாள்.

காலையில் வாந்தி. ஜெயக்கொடிக்கு உயிரே போய்விட்டது. கடையைப் பூட்டக் கூடத் தோன்றவில்லை. சந்திரிகாதான் ஷட்டரை இழுத்துவிட்டாள். குரோம்பேட்டை சென்டரை மூடிவிட்டதாகச் சொன்னதால் வேறு புது இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை ஆட்டோவிலேயே பிரித்துப் பார்த்தாள். சிறுமூளையில் நடுவுக்கு இரண்டு பக்கமும் வெண்மை, பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும், கட்டி மீண்டும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்தாலும் இந்த விஷயத்தில் அவளுக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்லை.

பழைய டாக்டர் ரிடையர் ஆகிவிட்டார். அவர் இடத்தில் சுப்ரஜா என்று ஒரு இளம் டாக்டர். அனுவை ஒரே கோட்டில் நடக்க விட்டாள், விரலால் மூக்கைத் தொடச் சொன்னாள், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். "எல்லாம் நல்லாதான் இருக்கு" என்று சொல்லி அனுவை அப்பாவோடு வெளியே அனுப்பிவிட்டு, படத்தில் பேனா முனையால் காட்டினாள். இரண்டு வெள்ளைத் திட்டு, இரண்டு முல்லை மொட்டை எதிரெதிராக வைத்தது போல.

"அனு அம்மா, பயப்படாம கேளுங்க. ஸ்கேன் பாதியில ஊசி போடுவாங்க இல்ல, கான்ட்ராஸ்ட்? அதுல ஒரு உலோகம் இருக்கு. முக்கால்வாசி யூரின்ல போயிடும். ரொம்ப தடவை போட்ட குழந்தைகளுக்குத் துளித் துளியா மூளையில தங்கிடுது. முன்னாடி போட்ட பழைய வகை மருந்துல இது ஜாஸ்தி. அது தங்கற இடம் இதேதான். ரேடியேஷன் வாங்கின குழந்தைகளுக்கும் இந்த இடம் வெளுக்கலாம். எதனால எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ல முடியாது."

"அப்ப கட்டி இல்லியா மேடம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. அதனால இல்லைன்னுதான் நினைக்கறேன். ஆனா இந்தக் குழந்தை விஷயத்துல நினைச்சா போதாது, தெரியணும். பழைய ஃபிலிம் கொண்டு வாங்க. முன்னாடியே லேசா இருந்து மெதுவா ஏறியிருந்தா கவலையே இல்லை. அப்ப கொஞ்சம் கூட இல்லாம இப்ப திடீர்னு வந்திருந்தா விடக் கூடாது."

"ஃபிலிம் இல்லாட்டி?"

"கொஞ்ச நாள் காத்திருந்து மறுபடி ஸ்கேன். கான்ட்ராஸ்ட் போட்டுத்தான். வேற வகை மருந்து, இருந்தாலும் ஊசி ஊசிதான். அதான் ஃபிலிம் இருந்தா நல்லதுங்கறேன். வீட்டுல இருக்கு இல்ல?"

ஜெயக்கொடி வாயைத் திறந்தாள். எரித்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கீது மேடம். எட்தாறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே அனு, "இன்னாம்மா சொன்னாங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தைராய்டு மாத்திரை மாத்தணுமாம்."

அன்றைக்கு ஆரம்பித்தது ஓட்டம். காலை எங்கே வைக்கிறோம், கையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. முக்கால் இஞ்ச் கேட்டவனுக்கு அரை இஞ்ச் கொடுத்தாள், வெள்ளை பெயிண்ட் கேட்டவளுக்குப் பச்சையைக் கலக்கினாள். குரோம்பேட்டைக்குப் போய்ப் பார்த்தாள். ஸ்கேன் சென்டர் இருந்த இடத்தில் மெத்தைக் கடை. அக்கம்பக்கத்தில் கேட்டு, பழைய முதலாளியின் நம்பரைப் பிடித்துப் போன் செய்தாள். மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் விற்றாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்றார். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் ஆபரேஷன் சமயத்துப் படம் மட்டும் இருந்தது. அதற்கப்புறம்தானே அத்தனை ஊசியும்? நடுவில் எடுத்ததுதான் வேண்டும், அதுதான் இல்லை.

போகி எரித்த காலி மனைக்குப் போய் நின்றாள். சக்திவேல் அங்கே ஜல்லி கொட்டி வைத்திருந்தான். குனிந்து அந்த ஜல்லியைக் கையால் விலக்கிப் பார்த்தாள் என்றால் நம்புவீர்களா? ஆறு மாசத்துச் சாம்பலில் என்ன இருக்கும்! அவளுக்கே தெரியும். தெரிந்தும் விலக்கினாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து சந்திரிகா, "இன்னா ஜெயா, எதுனா தொலைச்சிட்டியா?" என்று கத்தினாள். "கொலுசு திருகாணிக்கா" என்றாள் ஜெயக்கொடி. அவள் கொலுசு போட்டே வருஷக் கணக்காகிறது.

ராத்திரியெல்லாம் புரண்டாள். அனு பக்கத்தில் படுத்துத் தூங்கும்போது, முடியில்லாத அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே வந்திருக்கிறதா, வரவில்லையா என்று விரலுக்குத் தெரியுமா என்ன? நாமே கொண்டுபோய் நாமே ஊசி போட வைத்தோமே, நல்லதுக்கென்று போட்டது உள்ளே தங்கிவிட்டதாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கரண்டும் அப்படித்தான், உயிரைக் கொடுத்து முடியையும் உயரத்தையும் எடுத்துக்கொண்டது. யாரைத் திட்டுவது? டாக்டர்களைத் திட்ட முடியாது, பிள்ளை உயிரோடு படுத்திருக்கிறாளே. தன்னைத்தான் திட்டிக்கொண்டாள், வாய்விட்டு, கெட்ட வார்த்தையில்.

பொறி தட்டியது. சி.டி.! படத்தோடு ஒவ்வொரு முறையும் ஒரு சி.டி. கொடுத்தார்களே, அதைப் போகியில் போட்டதாக நினைவில்லையே?

"ஏங்க, அந்த ஸ்கேன் சி.டி.ல்லாம் எங்க?"

காலையில் பல்லில் பேஸ்ட்டோடு நின்ற சக்திவேல் முகம் விளக்கெண்ணெய் குடித்தாற்போல ஆனது. மொட்டை மாடியைக் கை காட்டினான்.

மாடியில் கீரைத் தொட்டிகளுக்கு மேலே கயிறு கட்டி அதில் சி.டி.க்கள் வரிசையாகத் தொங்கின. வெயிலில் பளபளத்துச் சுற்றினால் புறா வராதாம், எவனோ சொன்னானாம். சித்திரை வெயிலும் கோடை மழையும் பட்டு, ஒன்றில் பூச்சு உரிந்து அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிந்தது. தொட்டி ஓரத்தில் இரண்டு புறா சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு அந்த சி.டி.க்களைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே டேனியல் என்கிறவர் தார்ப்பாய் விரித்துப் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிறார். கிடைக்காத ஒயரெல்லாம் அவரிடம் கிடைக்கும். ஒவ்வொன்றாகத் துடைத்து, லேப்டாப்பில் போட்டுப் போட்டுப் பார்த்தார். உள்ளே கர்ரென்று சுற்றும், நிற்கும், வெளியே துப்பும்.

"இன்னாக்கா கீது இதுல? கல்யாண வீடியோவா?"

"இல்லண்ணா."

"படிக்க மாட்டேங்குதுக்கா. வெயிலு துன்னுடுச்சு. கோச்சுக்காத."

ஜெயக்கொடி சந்தை நடுவிலேயே நின்று அழுதாள். காய் விற்கிறவன், கோழிக்குஞ்சு விற்கிறவன் எல்லாரும் பார்த்தார்கள். டேனியல் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சேர்ந்து வெடித்தது. பையைத் தூக்கி எறிந்தாள். சி.டி.க்கள் தரையெல்லாம் உருண்டன.

"யோவ், புள்ள உசுரு அதுல கீது, நீ புறா ஓட்டிகினு கீற! மூளைன்னு ஒண்ணு உனக்குக் கீதா இல்லியா?"

சக்திவேல் வாழ்நாளில் முதல் தடவையாகத் திருப்பிக் கத்தினான். "நான் புறா ஓட்டுனேன், நீ கொளுத்துன! வேணாம்னு சொல்ல வந்தவன் வாய அடைச்சது யாரு? டாக்டரம்மா பழைய ஸ்கேன் இருந்தா ஊசி வேணாங்கறாங்க, கட்டி இல்லன்னு சொல்லிடலாங்கறாங்க. இப்ப எங்கேருந்து எட்த்துனு வர்றது? சொல்லு!"

சொல்லிவிட்டுத்தான் வாசலைப் பார்த்தான். ஸ்கூல் பையோடு அனு நின்றுகொண்டிருந்தாள்.

ஜெயக்கொடிக்குக் காலடியில் சுடுதண்ணீர் கொட்டினாற்போல் ஆனது. "அதொண்ணுமில்லடா கண்ணு, தைராய்டுக்கு…" என்று ஆரம்பித்தாள்.

"தைராய்டுக்கு யாரும்மா மூளை ஸ்கேன் கேப்பாங்க?" என்றாள் அனு. அவள் எதையும் மெதுவாகத்தான் சொல்வாள், மெதுவாகவே சொன்னாள். "புது ஃபிலிமுலயும் கீதே, அந்த ரெண்டு வெள்ளையா? சிறுமூளையில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு? அது முன்னாடியே கீதும்மா."

ஜெயக்கொடி உருண்ட சி.டி.க்களை மிதித்துக்கொண்டு அவள் அருகே வந்தாள்.

"உனக்கு எப்டி தெரியும்?"

"ஃபிலிமுல பாத்தேன். போகி அன்னிக்கு ஒண்ணு எடுத்து ஸ்வெட்டருக்குள்ள வெச்சிகினேன். அதுல சைடுல எடுத்த படமும் கீது, என் மூக்கு தெரியும். அத்த எரிக்க மனசு வரல." கொஞ்சம் நின்று சொன்னாள்: "ஸ்கூல்ல கீது. லேப் ஜன்னல்ல."

"லேப் ஜன்னல்லயா?"

"நீ டாக்டர் கேட்டாங்கன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே தந்திருப்பேன்." அப்புறம் குரலை இறக்கி, "அன்னிக்கு வாந்தி வந்தது பானிபூரிம்மா. மொதநாளு ஸ்கூல் கேட்டாண்ட வாங்கித் துன்னேன். சொன்னா திட்டுவன்னு சொல்லல" என்றாள்.

திட்டுகிற நிலையிலா இருந்தாள் ஜெயக்கொடி! அப்போதே அனுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பெருங்களத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடம். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டப் போகிற நேரம். சயன்ஸ் எடுக்கிற அமலராணி டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் திரும்பி நடந்து லேபைத் திறந்தார்.

மேற்குப் பார்த்த ஜன்னல். சாயங்கால வெயில் நேராக அடித்தது. கண்ணாடியில் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது அந்த ஃபிலிம். அதன் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள், அனுவின் கோழிக்கிறுக்கலில்: கண், மூக்கு, பெருமூளை, சிறுமூளை. பின்பக்கம் கறுப்பாக இருந்த ஒரு குழிக்கு நேரே, "கட்டி இருந்த இடம்." இரண்டு வெளிறின புள்ளிக்கு நேரே, "தெரியவில்லை. கேட்க வேண்டும்."

"மூளைப் பாடம் நடத்தினப்போ இவதான் கிளாஸுக்கு விளக்கினா" என்றார் டீச்சர். "கட்டி எப்படி எடுத்தாங்க, ரேடியேஷன்னா என்ன, முடி ஏன் வரலை, எல்லாம் சொன்னா. கேள்வி கேட்டு மாளலை பசங்க. நீங்கதான் ஃபிலிமைக் கொடுத்தனுப்பினீங்கன்னு சொன்னாளே? உங்களைப் பார்த்து நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

ஜெயக்கொடி மகளைப் பார்த்தாள். அனு தரையைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ம்."

"கிண்டல் பண்ணலியா?"

"டைபாய்டுன்னு சொன்னப்பதான் பண்ணாங்க. ஒட்டிக்கும்னு பக்கத்துல ஒக்கார மாட்டாங்க. இப்ப ஒக்கார்றாங்க."

ஜெயக்கொடிக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. இத்தனை வருஷம் அவள் கட்டிக் காத்த பொய், பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்தப் பெண். டேப்பை நகத்தால் நெருடிப் பார்த்தாள். வரவில்லை. டீச்சர்தான் பிளேடால் பதமாக எடுத்துக் கொடுத்தார்.

மறுநாளே ஆஸ்பத்திரி. இந்த முறை அனுவை வெளியே அனுப்பவில்லை. டாக்டர் சுப்ரஜா பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்கு" என்றாள் டாக்டர். "அப்பவே லேசா இருக்கு. அதே இடம், அதே அளவு, இப்ப கொஞ்சம் வெளுப்பு கூடியிருக்கு. கட்டி இப்படி வராது. இது மருந்து தங்கினது, ரேடியேஷனும் சேர்ந்திருக்கலாம். இப்ப ஊசி வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். வருஷ ஸ்கேனைக் கூட முடிஞ்ச வரைக்கும் கான்ட்ராஸ்ட் இல்லாம எடுப்போம்."

ஜெயக்கொடி அழுகை வரும் என்று நினைத்தாள், கேள்விதான் வந்தது. "தங்குனது போவாதா மேடம்?"

"கொஞ்சம் போகலாம். கொஞ்சம் இருக்கும்."

"இருந்தா எதுனா பண்ணுமா?"

"பண்ணினதா இதுவரைக்கும் யாருக்கும் தெரியலை. பண்ணவே பண்ணாதுன்னு சத்தியம் பண்ணவும் முடியாது. பார்த்துக்கிட்டே இருப்போம்."

முழு நிம்மதி கிடைக்கவில்லை. கட்டி இல்லை என்கிற பெரிய பாரம் இறங்கின இடத்தில், தெரியாது என்கிற சின்ன பாரம் ஏறி உட்கார்ந்தது. ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் ஜெயக்கொடி நின்றுகொண்டே வந்தாள். அனு ஃபிலிம் கவரை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் கேட்டு வாங்கின அந்த உலோகத்தின் பேரை மறக்காமல் இருக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள், லேப் ஜன்னல் காகிதத் துண்டில் எழுத வேண்டுமாம்.

கடையைத் திறந்ததும் சந்திரிகா வந்துவிட்டாள். குழாய் வாஷர் வேண்டும் என்று சாக்கு. கண் அனுவின் பின்கழுத்தில்.

"இன்னா ஜெயா, ஒரு வாரமா நீ ஒரு நெலைக்கு இல்ல. பாப்பாவுக்குத் தான? அந்த டைபாய்டு பாழாப்போனது இன்னும் வுடலியா?"

ஜெயக்கொடி வாஷர் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அனு கல்லாப் பக்கம் நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டைபாய்டு இல்லக்கா" என்றாள் ஜெயக்கொடி. "அது பொய்யி. தலையில கட்டி வந்துச்சு. ஆபரேசன் பண்ணி எட்த்தாங்க. கரண்ட் வெச்சாங்க. அதான் முடி மொளைக்கல."

சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப் பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி! தலையிலன்னா… எங்க?"

"சிறுமூளை ஆன்ட்டி" என்றாள் அனு, பின்மண்டையைத் தொட்டுக் காட்டி. அம்மா பக்கம் திரும்பிக் கேட்டாள்: "காட்டட்டுமாம்மா?"

ஜெயக்கொடி அனு கையிலிருந்த கவரை வாங்கினாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அவளாக அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை. ஃபிலிமை உருவி, கடை டியூப்லைட்டுக்கு நேராகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே சொல்லு" என்றாள் மகளிடம்.

அனு ஸ்டூலின் மேல் ஏறி, மூக்கிலிருந்து ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் ஜெயக்கொடி கையை இறக்கவில்லை, இருந்த இடத்தை விட்டு அசையவும் இல்லை.